வீடியோ கேம் அடிமைத்தனம்: பார்லரிலிருந்து கைபேசி வரை

விளையாடும் நேரத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, படிப்பு, வேலை, தூக்கம் ஆகியவற்றைவிட விளையாட்டு முதன்மை பெறுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்ததே வீடியோ கேம் அடிமைத்தனம். உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதம் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இது ஒரு கோளாறாக இடம்பெற்றது. அப்பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதிக நேரம் விளையாடுகிறவர்கள் எல்லோரும் அடிமைகள் அல்லர். பொதுவாக 12 மாதங்களாவது இந்நிலை நீடித்திருக்க வேண்டும்.

தொடக்கத்தில் இது கடையில் ஆடும் விளையாட்டு. வீடியோ கேம் பார்லர்களை உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்தலாம் என்று கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. கடைக்கு அடைக்கும் நேரம் உண்டு. கையிலுள்ள காசு தீர்ந்தால் எழுந்து வரவேண்டும். தெரிந்தவர் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபின் இந்த மூன்று தடைகளும் ஒவ்வொன்றாக விலகின.

2020 மார்ச்சில் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டதும் பாடத்துக்காகவே பல வீடுகளில் கைபேசி வாங்கினார்கள். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாக வழங்கியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பொழுதுபோக்கும் பாடமும் ஒரே கருவிக்குள் வந்துவிட்டன.

இளைஞர்களில் யாருக்கு ஆபத்து அதிகம்? மனச்சோர்வு, பதற்றம், தனிமை, கவனக்குறைவுக் கோளாறு, அவசரப்புத்தி ஆகியவை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. மனச்சோர்வால் விளையாடுகிறாரா, விளையாடியதால் சோர்ந்தாரா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஏறி இறங்கும் தரவரிசை, காத்திருக்கும் அணி நண்பர்கள் என்று விளையாட்டின் அமைப்பே ஆளைப் பிடித்து வைக்கிறது. சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊரில் இரவு ஷிப்டு முடிந்து வரும் இளைஞனுக்கு அந்நேரத்தில் விழித்திருக்கும் துணை கைபேசி ஒன்றுதான். அவனைச் சோம்பேறி என்று ஏசுவதால் பயனில்லை.

சட்டம் வேறு திசையில் சென்றது. 2020 செப்டம்பர் 2இல் பப்ஜி தடைசெய்யப்பட்டது நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டியே. மாநில அரசு பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையே குறிவைத்தது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியான சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2023 ஏப்ரலில் புதிய சட்டம் பிறந்தது. 2025 பிப்ரவரி விதிமுறைகளில்தான் ஆபத்துக் காரணிகள் கவனத்துக்கு வந்தன: 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடை, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை உள்நுழைவு இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கை. பணமில்லாத ஆட்டங்களுக்கு இவை பொருந்தா. ஒன்றிய அரசின் 2025 ஆகஸ்ட் சட்டமும் பண ஆட்டங்களையே தடைசெய்தது.

மற்றவர்களுக்கு மருத்துவமே வழி. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014இலேயே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. சங்கரன்கோவில் வட்டாரத்தினர் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். டெலி மானஸ் இலவச உதவி எண் 14416.