மறு அனுப்பல்

கம்பியில்லாத் தொடர்பில் தரவு வழியில் சிதைந்தாலோ தொலைந்தாலோ, அனுப்பிய கருவியே அதைத் திரும்ப அனுப்பிப் பிழையைச் சரிசெய்யும் முறை. தரவைப் பாக்கெட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்ப்பார்கள். பெறும் கருவி கணக்கிட்டுப் பார்த்து எண் பொருந்தினால் ஒப்புதல் அனுப்பும். குறித்த நேரத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் பாக்கெட் மறுபடி கிளம்பும். அந்த நேரம் எவ்வளவு என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

1940களில் நெதர்லாந்து அஞ்சல் தந்தித் துறையின் வான் டூரன் வானொலித் தந்திக்கு இதைச் செய்து காட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் இரு வகைகளில் ஏழு துடிப்புகள்; அவற்றில் ஒரு வகை மூன்று, மற்றது நான்கு. இப்படி 35 சேர்க்கைகள் கிடைக்கும். இரைச்சலில் ஒரு துடிப்பு மாறினால் கணக்கு இடிக்கும். பெறும் கருவி தானாகவே மறுபடி கேட்கும். எதிரெதிராக இரண்டு துடிப்புகள் மாறிவிட்டால் மட்டும் பிழை பிடிபடாது.

1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவின் அலோஹா வலையமைப்பு, தீவுகளில் இருந்த முனையங்களை ஒரே அலைவரிசையில் கணினியோடு இணைத்தது. இரண்டு பாக்கெட்டுகள் மோதினால் இரண்டும் வீண். உடனே அனுப்பினால் மறுபடி மோதும் என்பதால், ஒவ்வொரு முனையமும் மனம்போன அளவு நேரம் காத்திருந்து அனுப்பியது. அலைவரிசையின் கொள்ளளவில் 18 விழுக்காட்டுக்குச் சற்று மேல்வரைதான் பயன்பட்டது. ஆனாலும் பின்வந்த கம்பியில்லா வலையமைப்புகள் பலவும் இதிலிருந்தே தொடங்கின.

இணையம் வளர்ந்தபோது வேறொரு தொல்லை வந்தது. இணையத்தில் தரவைப் பிழையின்றிச் சேர்ப்பிக்கும் டிசிபி நெறிமுறை, பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைத்துவிடும். கம்பிவழியில் அது பெரும்பாலும் சரி. சிக்னல் மங்கித் தொலையும் இடத்தில் தவறு. சென்னை ஐஐடியில் படித்துவிட்டு பெர்க்லியில் ஆய்வு செய்த ஹரி பாலகிருஷ்ணனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995இல் ஸ்னூப் என்ற தீர்வை வெளியிட்டனர். கடைசிக் கம்பியில்லாத் தடத்தின் தலைவாயிலில் உள்ள நிலையமே பாக்கெட்டுகளின் நகலை வைத்துக்கொண்டு, தொலைந்ததை அங்கிருந்தே திரும்ப அனுப்பும். தொலைவில் உள்ள கணினிக்கு இழப்பு நேர்ந்ததே தெரியாது. தொலைந்த இடத்துக்கு அருகிலேயே சரிசெய்யும் இந்த யோசனை, இத்துறையின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டில் இம்முறை கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் தேனி. 2000களின் நடுவில் அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும் சுற்றுவட்டாரக் கண் மையங்களும் நெடுந்தொலைவு வைஃபையால் இணைக்கப்பட்டன. மையத்தில் இருக்கும் நோயாளியை மருத்துவர் தேனியிலிருந்தே காணொளியில் பார்த்தார். வைஃபை வீட்டுக்குள் இயங்கப் பிறந்தது. 15 கிலோமீட்டர் தடத்தில் அலை போய்த் திரும்பவே 100 மைக்ரோ நொடி ஆகும். வழக்கமான அமைப்பு அவ்வளவு நேரம் பொறுக்காது. பாக்கெட் நல்லபடியாகச் சேர்ந்திருக்க, ஒப்புதல் வரும் வழியிலேயே அனுப்பிய கருவி 'தொலைந்தது' என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். பொறுமையைக் கூட்டினாலோ, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தடம் சும்மா கிடக்கும். பெர்க்லி ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட வைல்டுநெட் என்ற தீர்வு, பாக்கெட்டுகளைத் தொகுப்பாக அனுப்பி மொத்தமாக ஒப்புதல் வாங்கியது; இரு முனைகளுக்கும் முறைவைத்து நேரம் ஒதுக்கியது. டிசிபி வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது.

கைப்பேசி வலையமைப்புகள் இன்னொரு நுட்பத்தை எடுத்துக்கொண்டன. சிதைந்த பாக்கெட்டை எறியாமல், மறுபடி வரும் நகலோடு சேர்த்துப் படிப்பது. 1985இல் டேவிட் சேஸ் விளக்கிய வழி இது. 4ஜியில் பொதுவாக 8 மில்லி நொடியில் மறு அனுப்பல் நடந்துவிடுகிறது.

காத்திருப்பு மணிக்கணக்கில் நீளும் இடமும் உண்டு. நாமக்கல் எல்பிஜி டேங்கர் லாரிகளுக்குப் பேர்போன ஊர். இவை போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரிகளில் இருப்பிடம் காட்டும் கருவியை நடுவண் அரசு 2022இல் கட்டாயமாக்கியது. இதற்கான ஏஐஎஸ் 140 தரத்தின்படி, டவர் கிடைக்காத மலைப்பாதையில் கருவி குறைந்தது 40,000 பதிவுகளை நினைவில் வைத்திருக்கும் திறனோடு இருந்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். நேரடிப் பதிவுக்கு 'எல்', பிந்தி வருவதற்கு 'எச்' என்று குறி இருக்கும். குறி இல்லையென்றால் கண்காணிப்பவர் பழைய இடத்தை இப்போதைய இடமாக எடுத்துக்கொள்வார். பயணிகள் வாகனத்தில் அவசரப் பொத்தானை அழுத்தினால் மட்டும் அந்தக் காத்திருப்பு கூடாது. தரவு இணைப்பு இல்லாவிட்டால் செய்தி குறுஞ்செய்தியாகப் போக வேண்டும் என்கிறது அதே தரம்.