மலையில் மருந்து, அடிவாரத்தில் காய்ச்சல்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலே இருக்கிறது வில்கமுவ. மேற்கே நக்கிள்ஸ் மலைத்தொடர், கிழக்கே மகாவலி கங்கை, வடக்கே 1984 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவ வனம். இன்று இப்பெயரைக் கேட்டால் நமக்கு நெல்வயலும், வயலுக்கு வரும் யானையும் நினைவுக்கு வரும். நம் பாட்டன்மார் காலத்தில் இந்தப் பக்கத்துத் தாழ்நிலங்களின் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்று: காய்ச்சல். உடல் நடுங்கும், போர்த்தியது போதாது, பின் அனலாய்க் கொதிக்கும், வியர்த்து ஓயும், ஒருநாள் விட்டு ஒருநாள் மீண்டும் வரும். வயிறு முன்தள்ளி, மண்ணீரல் வீங்கிய குழந்தைகள் உலர்வலயக் கிராமங்கள் எங்கும் இருந்தார்கள். குளங்கள் தூர்ந்து, வயல்கள் காடாகிக் கிடந்ததற்கும், மீண்டும் குடியேற எவரும் துணியாததற்கும் இந்தக் காய்ச்சல் ஒரு பெருங் காரணம்.

இந்தத் தாழ்நிலத்திலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் தூரத்தில், நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல மலையடிவாரத்தில், அதே காய்ச்சலுக்கான மருந்து மரம் ஒரு காலத்தில் தோப்புத் தோப்பாக நின்றது. அந்த மரம் எப்படி வந்தது, எப்படி வளர்க்கப்பட்டது, எங்கே போனது என்பதையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

ஹக்கல என்றதும் இலக்கியம் அறிந்த நேயர்களுக்கு இராமகாதை நினைவுக்கு வரும். சீதை சிறையிருந்த அசோகவனம் இந்தச் சீதா எலியப் பக்கமே என்பது மக்கள் நம்பிக்கை. கம்பன் மருத்துமலைப் படலத்தில் பாடிய அந்த மலையை அனுமன் தூக்கி வந்தபோது சிதறி விழுந்த துண்டங்களில் ஒன்றே ஹக்கல என்பதும் இந்நாட்டு ஐதிகம். மூலிகை மலையின் துண்டு என்று மக்கள் நம்பிய பாறையின் அடியிலேயே, 1861 இல், ஆங்கில அரசு ஒரு மருந்து மரத்தோட்டத்தைத் தொடங்கியது. ஐதிகத்தைக் கருதி அவர்கள் இடம் தேர்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமும், குளிரும், மழையும், நீர் வடிந்தோடும் சரிவும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அவை அங்கே இருந்தன.

அந்த மரத்தின் பெயர் சிங்கோனா. அதன் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடர். பெரு நாட்டிலே ஆளுநரின் மனைவி சிஞ்சோன் சீமாட்டி இம்மரப்பட்டையால் காய்ச்சல் தீர்ந்தார் என்றொரு கதை உண்டு. கதை ஆதாரமற்றது என்று பின்னாளில் ஆய்வாளர் காட்டிவிட்டனர். ஆனால் 1742 இல் லின்னேயஸ் அவர் பெயரை, அதுவும் ஓர் எழுத்தைத் தவறவிட்டு, மரத்துக்குச் சூட்டியது நிலைத்துவிட்டது. 1820 இல் பிரான்சு நாட்டின் பெலத்தியே, கவந்து என்ற இருவர் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். நம்மவர் வாயில் அது கொயினா ஆயிற்று.

வெப்ப நாடுகளை ஆள வந்த ஐரோப்பியருக்குப் பீரங்கியைப் போலவே கொயினாவும் அவசியமாயிற்று. 1860 ஆம் ஆண்டளவில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஆங்கிலேயர் அந்தீஸிலிருந்து விதையும் கன்றும் எடுத்து வந்தார்கள். ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளர் எக்குவடோர்க் காடுகளில் செம்பட்டை இனத்தைத் திரட்டினார். நீலகிரியில் உதகமண்டலத்தில் மக்கைவர் என்பவரும், இலங்கையில் பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைட்சும் அவற்றைப் பொறுப்பேற்றனர்.

சிங்கோனாவை வளர்ப்பது எளிதான காரியமல்ல. விதை உமியிலும் மெல்லியது. ஒரு கிராம் எடைக்கு ஆயிரக்கணக்கில் நிற்கும். ஊதினால் பறந்துவிடும். ஆகவே மண்ணைச் சலித்து மேடைப்பாத்தி அமைத்து, மேலே பந்தல் போட்டு, விதையைத் தூவி, நீரைத் தெளிக்க வேண்டும். ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். முளைத்த நாற்றை இடம் மாற்றி, மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கி, பின்னரே மலைச்சரிவில் நட வேண்டும். வேரடியில் நீர் தேங்கினால் மரம் அழுகிச் சாகும். இலங்கையில் பட்டைப் புண் நோயினால் பட்டுப்போன மரங்கள் பல. பொறுத்திருந்தால் சில ஆண்டுகளில் பட்டை கனக்கும். அதை எடுக்கவும் முறைகள் பலவுண்டு. மரத்தையே வேரோடு பிடுங்கலாம். அடியோடு வெட்டித் துளிர்க்க விடலாம். அல்லது உட்தோல் சேதப்படாமல் மேற்பட்டையை மட்டும் சீவி, புல்லோ பாசியோ கட்டிவிடலாம். பாசி கட்டும் வித்தையை நீலகிரியில் மக்கைவர் வளர்த்தார். அப்படிப் புதிதாய் மூடி வளரும் பட்டையில் மருந்துச் சத்து முன்னிலும் கூடுதல் என்று கண்டார்கள். மரத்தை வாழவைத்தே மருந்தைப் பெறும் வழி இது.

துவைட்ஸ் கன்றுகளை வளர்த்துக் கொடுக்க முன்வந்தபோது தோட்டத்துரைமார் பெரிதாக நாடவில்லை. கோப்பி பொன்னாய்க் கொழித்த காலம் அது. பின்னாளில் தேயிலையின் தந்தை எனப் பேர்பெற்ற லூல்கந்துர ஜேம்ஸ் டெய்லர் போன்ற சிலரே சிங்கோனாவில் அக்கறை காட்டினர். 1869 இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையில் மஞ்சட் பொட்டுக்கள் தோன்றின. அந்தப் பூஞ்சணத்தின் ஆபத்தை உணர்ந்து எச்சரித்தவரும் இதே துவைட்ஸ்தான். சில ஆண்டுகளில் கோப்பி சாய்ந்தது. முன்னர் வேண்டாம் என்றவர்கள் இப்போது ஹக்கலக் கன்றுக்கு ஓடினார்கள். 1883 அளவில் சிங்கோனா ஏறத்தாழ 64,000 ஏக்கரில் பரவியிருந்தது. 1886 இல் ஏற்றுமதியான பட்டை 1 கோடியே 50 இலட்சம் இறாத்தலுக்கும் அதிகம்.

பாத்தி கட்டியதும், சரிவில் குழி வெட்டியதும், பட்டை சீவிக் காயவைத்ததும் யார்? தமிழகத்திலிருந்து வந்த நம் தொழிலாளர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தவர்கள். வில்கமுவவுக்கு மேற்கே, இதே மாத்தளை மாவட்டத்தின் ஊடாகவே அந்த நடைபாதை வந்தது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்களின் தொகையில் ஆய்வாளர் வேறுபடுவர். பலர் விழுந்தனர் என்பதில் எவருக்கும் வேறுபாடில்லை. காய்ச்சற் காட்டைக் கடந்து வந்தவர்களின் கைகளே காய்ச்சல் மருந்தைச் சீவின. சீவிய பட்டையோ மூட்டையாய்க் கட்டப்பட்டு இலண்டன் ஏலத்துக்குப் போயிற்று. கசப்பை மணந்தவர்கள் அவர்கள். காசைக் கண்டவர்கள் வேறு.

அந்தக் காசும் நிலைக்கவில்லை. ஆயிரமாயிரம் மூட்டைகள் ஒரேசமயத்தில் குவிந்தபோது, அவுன்சுக்கு 12 சிலிங் வரை விற்ற குயினைன், சில ஆண்டுகளுக்குள் 2 சிலிங்குக்கும் கீழே இறங்கியது. விலை விழ விழத் துரைமார் சீவுவதை விட்டு மரத்தையே பிடுங்கினார்கள். பிடுங்கிய பட்டை சந்தையை இன்னும் நிரப்பி விலையை இன்னும் வீழ்த்தியது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. பிடுங்கிய இடத்தில் தேயிலை ஏறியது.

போட்டி யாவாத் தீவிலிருந்து வந்தது. பொலிவியக் காட்டின் மிகச் சிறந்த விதையைச் சேகரித்தவர் மனுவல் இங்க்ரா மாமனி என்ற பழங்குடியினர். அவருடைய எசமானர் சார்ல்ஸ் லெட்ஜர் 1865 இல் அதை இலண்டனுக்கு அனுப்ப, ஆங்கில அரசு வேண்டாம் என்றது. ஒல்லாந்தர் ஏறத்தாழ ஓர் இறாத்தலை வாங்கினர். பட்டையில் நூற்றுக்குப் பத்துக்கு மேலும் குயினைன் தந்த மரங்கள் அந்த விதையிலிருந்து எழுந்தன. நம் மலையில் நின்ற செம்பட்டை இனத்தில் குயினைன் அதில் ஒரு சிறு பங்கே. உறுதியான செம்பட்டை மரத்தின் அடியில் சத்துமிக்க இனத்தை ஒட்டுவைத்து, பொறுமையாய் வளர்த்தனர் ஒல்லாந்தர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் கொயினாவில் பெரும்பங்கு அவர்கள் கையில். விதை சேர்த்துக் கொடுத்த மாமனியோ சொந்த நாட்டில் சிறையிலிட்டு அடிக்கப்பட்டு, அதனாலேயே மாண்டார்.

நீலகிரியிலும் இதே மரம், இதே விலைவீழ்ச்சி. அங்கே அரசு தன் தோட்டத்தைக் கைவிடவில்லை. நடுவட்டத்தில் ஆலை வைத்துக் குயினைன் எடுத்தது. பிற்காலத்தில் ஆனைமலையிலும் பயிரிட்டது. வால்பாறைப் பக்கத்தில் சிங்கோனா என்றே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. வங்காளத்தில் தபாற்கந்தோர்களில் சிறு பொட்டலமாய்க் கொயினா விற்றார்கள். அது போதுமானதாக இருந்தது என்று கூற முடியாது. ஆனாலும் மரம் சந்தைக்கு மட்டுமல்ல, நோயாளிக்கும் உரியது என்ற எண்ணம் அங்கே இருந்தது. இலங்கையில் சிங்கோனா தோட்டத்துரைமாரின் பணப்பயிர்; விலை போனதும் பயிரும் போயிற்று.

அதன் விலையை நாடு 1934 இல் கொடுத்தது. மழை பொய்த்தது; ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின; அவற்றிலே நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கங்களில் தொடங்கிய மலேரியாக் கொள்ளை 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. வில்கமுவ போன்ற உலர்வலயத்தார் ஆண்டுதோறும் காய்ச்சலில் வெந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். காய்ச்சலுக்குப் பழகாத ஈரவலயத்தாரே கொத்துக் கொத்தாய் மாண்டனர். சூரியமல் இயக்க இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து குடிசை குடிசையாய்ச் சென்றார்கள். அவர்களே 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தார்கள். அவர்கள் கொடுத்த கொயினா கப்பலில் வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் கோடிக்கணக்கான இறாத்தல் பட்டையை ஏற்றுமதி செய்த தீவு, மருந்துக்காகத் துறைமுகத்தைப் பார்த்து நின்றது.

மீதிக் கதை விரைவானது. 1940களின் நடுவில் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கியது. 1963 இல் நாடு முழுவதிலும் நோயாளிகள் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று கை தளர்ந்ததும் 1968, 1969 இல் இலட்சக்கணக்கானோர் மீண்டும் விழுந்தனர். மகாவலிக் குடியேற்றக் காலத்திலும் புதிய வாய்க்காலோரங்களில் காய்ச்சல் வந்தது. 2012 க்குப் பின் சில ஆண்டுகள் உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லை. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

வில்கமுவப் பக்கத்தில் இன்று குழந்தைகள் நடுக்கற் காய்ச்சலை அறியாமல் வளர்கிறார்கள். முற்றத்து வேம்பும், கொத்தமல்லியோடு அவிக்கும் மரமஞ்சளும் மட்டுமே அவர்கள் அறிந்த கசப்பு. ஹக்கலத் தோட்டமோ பூ பார்க்கப் போகும் இடமாகிவிட்டது. அங்கே செல்வோர் ரோசாப் பாத்திகளைப் பார்த்தபின், சற்று நின்று மலைச்சரிவையும் பார்க்கலாம். மருந்து மரம் வளர மண்ணும் மழையும் உயரமும் வேண்டும் என்று துவைட்ஸ் அறிந்திருந்தார். அவை மூன்றும் நமக்கு வாய்த்தன. யாருக்காக வளர்க்கிறோம் என்ற கேள்வியைத்தான் அந்தச் சரிவில் அன்று எவரும் நடவில்லை.