வீட்டுத் திரையரங்கில் கணிப்பொறி: எந்த உறுப்பைத் தேர்வது?

வீட்டுக் கூடத்தில் பெரிய தொலைக்காட்சித் திரை; அதனடியில் ஒரு சிறு கணிப்பொறி; இருபுறமும் ஒலிபெருக்கிகள். வட்டுகளில் உள்ள திரைப்படங்களும் பதிவு செய்து வைத்த நிகழ்ச்சிகளும் அக்கணிப்பொறியின் வழியே திரைக்கு வருகின்றன. இதனையே வீட்டுத் திரையரங்குக் கணிப்பொறி என்கிறோம். இத்தகைய ஒன்றை அமைக்க நீங்கள் கடைக்குச் சென்றால், "எந்தச் செயலி வேண்டும்? நினைவகம் எவ்வளவு வேண்டும்?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். விலை உயர்ந்த செயலியை வாங்கிவிட்டால் படம் நன்றாக ஓடும் என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம்.

இவ்வெண்ணம் சரிதானா? இக்கருவியின் வரலாறு வேறு விடை தருகிறது. படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் வேலையில் கடினமான இடம் ஒன்று எப்போதும் உண்டு. ஆயின், அவ்விடம் ஒரே உறுப்பில் நிலைத்து நிற்கவில்லை. முதலில் அது கணக்கில் இருந்தது. பின்னர் இரைச்சலுக்கு மாறியது. அடுத்துக் கடிகாரத்தில் தலைகாட்டியது. இறுதியில் அனுமதியில் வந்து நின்றது. அந்தக் கதையைக் காண்போம்.

கணக்கின் சுமை

டிவிடி வட்டு 1996-இல் ஜப்பானிலும் 1997-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கேற்ற டிவிடி படத்தில் ஒரு படச்சட்டத்திற்கு 720 × 576 புள்ளிகள். வினாடிக்கு 25 சட்டங்கள். பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு 1 கோடியே 3 லட்சத்து 68 ஆயிரம் புள்ளிகள் ஆகின்றன. ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட் எனக் கொண்டால், 470 கோடி பைட் கொள்ளும் ஒரு வட்டில் ஐந்து நிமிடப் படத்திற்குத்தான் இடம் இருக்கும். இரண்டு மணி நேரத் திரைப்படம் அதில் அடங்கியது எப்படி?

அதற்கு வழி வகுத்தது 1974-இல் வெளியான ஒரு கணித முறை. நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் அமெரிக்காவில் இருந்தபோது அதனை வெளியிட்டனர். அகமது பெங்களூரில் பிறந்தவர். இவ்வாராய்ச்சிக்கு நிதி கேட்டு அவர் விண்ணப்பித்தபோது, கருத்து மிக எளியதாக இருக்கிறது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் மறுத்துவிட்டது! அவர் சோர்ந்துவிடாமல் வேலையைத் தொடர்ந்தார்.

முறை இதுதான். படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் 64 அடிப்படை அலைக்கோலங்களின் கலவையாக எழுத வேண்டும். கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத நுண்ணிய கோலங்களைத் தோராயப்படுத்தலாம். சிலவற்றை விட்டும் விடலாம். இதனுடன், முந்தைய சட்டத்திலிருந்து நகர்ந்த பகுதிகளை மட்டும் குறித்துக்கொள்ளும் முறையும் சேர்ந்து படத்தைச் சுருக்கியது.

சுருக்கியதை மீண்டும் விரிக்க வேண்டுமன்றோ? ஒளிர்வுக்கு மட்டும் வினாடிக்கு 1,62,000 கட்டங்களைத் திரும்பக் கணக்கிட வேண்டும். 1997-இல் வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் செயலி இவ்வேலையில் திணறியது. ஆகவே, டிவிடி விரிக்கும் வேலையை மட்டுமே செய்யும் தனி அட்டைகள் விற்பனைக்கு வந்தன. ஓரிரு ஆண்டுகளில் செயலிகள் வேகம் பெற்றன. தனி அட்டைகள் தேவையற்றுப் போயின. "நல்ல செயலி இருந்தால் போதும்" என்ற எண்ணம் வேரூன்றியது அப்போதுதான்.

கூடத்திற்கு வந்த இரைச்சல்

2002-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தொலைக்காட்சிக்கென்றே விண்டோஸின் 'மீடியா சென்டர்' பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்த 'மித்டிவி' என்னும் நிரலும் தோன்றியது. படிப்பறை மேசையில் இருந்த கணிப்பொறி கூடத்திற்குக் குடிபெயர்ந்தது. குடிபெயர்ந்த பின்னரே அதன் குறை தெரிந்தது.

அக்காலச் செயலிகள் வேகத்திற்காக வெப்பத்தைப் பொருட்படுத்தவில்லை. 2004-இல் வந்த பென்டியம் 4 வகைகளில் உயர்ந்தவை 100 வாட்டுக்கும் மேல் வெப்பம் உமிழ்ந்தன. அதனைத் தணிக்க விசிறி விரைந்து சுழல வேண்டும். அலுவலகத்தில் இவ்வொலி காதில் விழாது. கூடத்திலோ, படத்தில் இருவர் தாழ்குரலில் பேசும் காட்சியில் விசிறியும் சேர்ந்து பேசும்!

இதற்கிடையே 2003-இல் எச்.264 என்னும் புதிய சுருக்கமுறை வந்தது; 2006-இல் அதனைப் பயன்படுத்தும் புளூ-ரே வட்டும் வந்தது. ஒரு சட்டத்திற்கு 1920 × 1080 புள்ளிகள், அதாவது 20 லட்சத்திற்கும் மேல். சுருக்கமோ முன்னதைவிடச் சிக்கலானது. பென்டியம் 4 மீண்டும் மூச்சு வாங்கியது.

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2009-இல் வெறும் 4 வாட் வரம்புடைய இன்டெல் 'ஆட்டம்' செயலியையும் என்விடியாவின் 'அயான்' படச் சில்லையும் இணைத்த சிறு கணிப்பொறிகள் விற்பனைக்கு வந்தன. கணக்கிடும் ஆற்றலில் 'ஆட்டம்' மிக எளியது. இருந்தும் முழு உயர்தெளிவுப் படம் தடையின்றி ஓடியது. காரணம், விரிக்கும் வேலைக்கென்றே ஒரு தனிச் சுற்று அயான் சில்லினுள் அமைந்திருந்தது. 1997-இன் தனி அட்டை, நகக்கண் அளவாகச் சுருங்கிச் சில்லுக்குள் திரும்பி வந்துவிட்டது எனலாம்.

2012-இல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை இதனை ஐயமற நிறுவியது. அதன் செயலி 700 மெகாஹெர்ட்சு வேகமே உடையது, விசிறியே இல்லை. ஆயினும் எச்.264 உயர்தெளிவுப் படங்களைத் திரையிட்டது. விலை உயர்ந்த செயலி தேவை என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது.

1953-இன் பின்னம்

அடுத்த இடர், செயலியின் வலிமையோடு தொடர்பே அற்றது. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வட்டுகளில் பெரும்பாலும் 23.976 என்ற வீதமே இருக்கிறது. இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது?

1953-இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சி முறையை ஏற்றது. வண்ணக் குறிப்பலையும் ஒலியலையும் மோதித் திரையில் கோடுகள் தோன்றாதிருக்க, வினாடிக்கு 30 சட்டங்கள் என்ற வீதத்தை 1001-க்கு 1000 என்ற விகிதத்தில் சற்றே குறைத்தனர். 30 என்பது 29.97 ஆயிற்று. அதற்கு ஒத்துப்போகத் திரைப்படத்தின் 24-உம் 23.976 ஆயிற்று. வட்டுகள் வந்த பின்னும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

2011-இல் வந்த இன்டெல் 'சாண்டி பிரிட்ஜ்' செயலியில் இருந்த படப்பகுதி, 23.976 கேட்டால் சரியாக 24-ஐக் கொடுத்தது. வேறுபாடு மிகச் சிறிதுதான். ஆனால் திரை ஒவ்வொரு 41 வினாடிக்கும் ஒரு சட்டம் அதிகமாகக் கேட்கிறது. கொடுக்கப் புதிய சட்டம் இல்லாததால் பழையதே மீண்டும் வருகிறது. கேமரா மெல்ல நகரும் காட்சியில் படம் ஒரு கணம் தயங்கும். 2013-இல் வந்த 'ஹாஸ்வெல்' செயலிகளில்தான் இக்குறை நீங்கியது. 58 ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு சமரசம், புத்தம் புதிய சில்லில் வெளிப்பட்டதை எண்ணிப் பாருங்கள்!

ஆற்றல் உண்டு, அனுமதி இல்லை

இனி இக்கதையின் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். டிவிடி வட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொடக்கம் முதலே மறைகுறிப் பூட்டு இருந்தது. உரிமம் பெற்ற நிரல்களே அதனைத் திறக்கலாம். 1999-இல் நார்வேயின் 15 வயதுச் சிறுவன் யோன் யோஹான்சன், மற்றவர்களுடன் சேர்ந்து அப்பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டான். வழக்கு தொடுக்கப்பட்டது. தன் பணத்தில் வாங்கிய வட்டைப் பார்க்க வழி தேடுவது குற்றமாகாது என்ற முடிவுடன் 2003-இல் ஓஸ்லோ நீதிமன்றம் அவனை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் விடுதலையே கிடைத்தது.

சட்டம் ஒருபுறம் நிற்க, பூட்டு சில்லுக்குள்ளேயே புகுந்தது. முன்னே கண்ட ராஸ்பெர்ரி பையில் டிவிடிக்குரிய எம்பெக்-2 படத்தை விரிக்கும் சுற்றும் இருந்தது. ஆனால் அது பூட்டப்பட்டிருந்தது. 2012-இல் 2.40 பவுண்டு செலுத்தி உரிம எண் பெற்றவர்களுக்கே அது திறந்தது.

2016-இல் வந்த அதிதெளிவுப் புளூ-ரே வட்டின் கதை இன்னும் வியப்பானது. அதனை முறையான உரிமத்துடன் கணிப்பொறியில் ஓட்ட, இன்டெல் செயலியினுள் 'எஸ்ஜிஎக்ஸ்' என்னும் பாதுகாப்புப் பகுதி இருந்தாக வேண்டியிருந்தது. 2017-இல் விற்பனையான 7-ஆம் தலைமுறைச் செயலிகளில் அது இருந்தது. 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகளில் அது நீக்கப்பட்டது. பழைய செயலி காட்டிய வட்டை, அதைவிட விரைவான புதிய செயலியால் காட்ட இயலவில்லை! வட்டு உங்களுடையது, கருவியும் உங்களுடையது, திறவுகோல் மட்டும் பிறர் கையில். மைக்ரோசாஃப்டின் 'மீடியா சென்டர்' நிரலும் 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் கைவிடப்பட்டது. அதனை நம்பி அமைத்தவர்கள் வேறு வழி தேடினர். பலரும் தன்னார்வலர்கள் பேணிய நிரல்களை நாடினர்.

கடைக்குப் போகுமுன்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? தேர்வைச் செயலியிலிருந்து தொடங்கக் கூடாது. பார்க்க விரும்பும் படத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்படம் எந்தச் சுருக்கமுறையில் உள்ளது? அதனை விரிக்கும் தனிச் சுற்று நீங்கள் வாங்கும் சில்லில் உள்ளதா? எச்.265 முறை 2013-இலும், ஏவி1 முறை 2018-இலும் வந்தவை. அவற்றுக்கு முந்திய சில்லுகளில் அவற்றுக்கான சுற்றை எதிர்பார்க்க இயலாது.

அடுத்து, விசிறியின் ஒலியைக் கடையின் சந்தடியில் மதிப்பிடாதீர்கள். இரவில் உங்கள் கூடம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை நினைத்து மதிப்பிடுங்கள். வினாடிக்கு 23.976, 25 ஆகிய வீதங்களுக்குத் திரையும் கணிப்பொறியும் இசைகின்றனவா என்றும் கேளுங்கள். கணிப்பொறி, ஒலிப்பெருக்கக் கருவி, தொலைக்காட்சி ஆகிய மூன்றும் ஒரே காப்புமுறையை ஏற்க வேண்டும். இடையில் ஒன்று பழையதாக இருப்பினும் பூட்டிய படம் திரைக்கு வராமல் போகலாம்.

செயலியின் வேகத்தை விலைப்பட்டியலிலேயே அச்சிட்டிருப்பார்கள். அமைதி, காலக்கணக்கு, அனுமதி ஆகிய மூன்றையும் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.