கடற்கரையூர்களில் கணினிப் பராமரிப்பு

மருதமுனையின் கைத்தறியாலும் கல்முனையின் வர்த்தகத்தாலும் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற, இலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் கணினி குடியேறியது சமீபகாலத்திலேயே எனினும், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி மறுவருஷமே முழு அந்தஸ்துப் பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் நிலைபெற்றதும், பின்னர் அரசின் அறிவகங்கள் எனும் பொதுக் கணினி நிலையங்கள் எழுந்ததும் அதன் வருகைக்கு உறுதுணையாயின.

கருவி வந்தவுடனே அதற்குரிய வியாதிகளும் வந்தன. உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். காற்றாடியில் படியும் தூசி உஷ்ணத்தைப் பெருக்கும். 230 வோல்ட்டுக்குரிய மின்சாரம் ஏறி இறங்குகையில் மின்வழங்கி பழுதாகும். ஆகவே திருத்துநர், திரை இருண்டு கிடக்கும் இயந்திரத்தின் மின்தொடர்பை முதலில் துண்டித்து, ராம் எனும் நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்துவார். திகதி பழைய நாளுக்குத் திரும்பினால் தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் மின்கலத்தை மாற்றுவார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி இக்கரையைச் சூறையாடிய ஆழிப்பேரலை இப்பழுதுகள் புகட்டியதினும் பெரிய பாடத்தைப் புகட்டிற்று. யந்திரத்தை மறுபடி வாங்கலாம்; அதனுள் அழிந்த எழுத்துகளையும் படங்களையும் எந்தச் சந்தையிலும் வாங்க இயலாது. எனவே, முக்கியமானவற்றைப் பிரதியெடுத்து வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துவதே கரையோரக் குடும்பம் ஒவ்வொன்றும் கைக்கொள்ளவேண்டிய முதற்கடமையாகும்.