எண்ணெய் நெருக்கடி திறந்த இரண்டு வழிகள்
19ஆம் நூற்றாண்டிலேயே தென் திருவிதாங்கூர் (இன்றைய குமரி மாவட்டப் பகுதி) உழைப்பாளிகள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களுக்குப் பெருவாசல் திறந்ததோ 1973க்குப் பிறகுதான்.

அந்த அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அதில் குவிந்த பணத்தில் வளைகுடாவில் துறைமுகங்களும் அடுக்குமாடிகளும் எழும்ப, குமரி மாவட்டத்துக் கொத்தனாரும் ஆசாரியும் வெல்டரும் விமானம் ஏறினார்கள். ஊரில் ஓட்டுவீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன.

அதே நெருக்கடி நெதர்லாந்தைச் சைக்கிள் பக்கம் திருப்பியது. 1973 நவம்பர் 4 முதல் சில வாரங்கள் ஞாயிறுகளில் கார் ஓட்டத் தடை. சாலையில் குழந்தைகள் பலியாவதை எதிர்த்துப் பெற்றோரும் போராட, தெருக்களில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதைகள் வந்தன.

இன்று தமிழகப் பொறியாளர்கள் அங்குள்ள ஐந்தோவன் வட்டாரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். சைக்கிளில் வேலைக்கு வருபவருக்கும் நிறுவனங்கள் கிலோமீட்டர் கணக்கில் வரியில்லாத பயணப்படி தரலாம். நாகர்கோவிலில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகும் கொத்தனாருக்கும் பாதுகாப்பான தனிப்பாதை கிடைக்க வேண்டும்.