அமெரிக்கக் கால்பந்துப் பந்தயம்: விலைகளும் வகைகளும்

அமெரிக்கக் கால்பந்துப் பந்தயம் என்பது, என்எஃப்எல் எனப்படும் தேசியக் கால்பந்து லீக் ஆட்டங்களின் முடிவை வைத்துக் கட்டப்படும் பணப் பந்தயம். 32 அணிகள் ஆடும் இத்தொடரில் 2021 முதல் ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டங்கள். அட்டவணையில் மொத்தம் 272. விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் புதிதாக அனுமதி தருவதை 1992-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று தடுத்திருந்ததால், தனி ஆட்டங்களின் மீது சட்டப்படி பணம் கட்டுவது நெடுங்காலம் நெவாடாவில் மட்டுமே நடந்தது. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அதன்பின் பல மாநிலங்கள் தனித்தனியே அனுமதி வழங்கின. இப்பந்தயத்தில் புழங்கும் எண்களை நிபுணர்களின் ஆரூடமாகவே பலரும் படிக்கிறார்கள். அவற்றை விலையாகப் படிப்பதே சரி. ஆட்டத்தைப் பற்றிய கணிப்பு, பணம் கட்டுவோரின் சாய்வு, பந்தய நிறுவனத்தின் கமிஷன் ஆகிய மூன்றும் கலந்தே அந்த விலை உருவாகிறது. பந்தயத்தின் வகை சிக்கலாக ஆக ஆக, பெரும்பாலும் கமிஷனின் பங்கே கூடுகிறது.

மிக எளிய வகை மணிலைன். எந்த அணி வெல்லும் என்பது மட்டுமே இதில் கேள்வி. பலமான அணிக்கு மைனஸ் 150 என்று குறித்திருந்தால், 100 டாலர் லாபம் பெற 150 டாலர் கட்ட வேண்டும். எதிரணிக்கு பிளஸ் 130 என்றால், 100 டாலர் கட்டி வென்றவருக்கு 130 டாலர் லாபம். இந்த விலைகளை வாய்ப்பாக மாற்றினால் முதல் அணிக்கு 60 சதவீதமும் இரண்டாவது அணிக்கு ஏறத்தாழ 43.5 சதவீதமும் வரும். கூட்டினால் 103.5. மொத்த வாய்ப்பு 100-ஐத் தாண்ட முடியாது என்பதால் மிச்சமுள்ள மூன்றரைதான் நிறுவனம் தனக்காக வைத்துக்கொள்ளும் இடைவெளி. பணமாற்றுக் கடையில் டாலரை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் போன்றது இது. பலகையில் எழுதியிருந்தாலும் தனியாகக் கண்ணில் படுவதில்லை.

பலம் ஒவ்வாத அணிகள் மோதும்போது மணிலைன் சுவைப்பதில்லை. அதற்கு வந்த தீர்வே ஸ்ப்ரெட். சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்நீல் 1940-களில் இதைப் பரப்பியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதில் பலமான அணி வென்றால் மட்டும் போதாது. குறிப்பிட்ட புள்ளிகளுக்கு மேலான வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். வித்தியாசம் குறித்த எண்ணுக்குச் சமமாக முடிந்தால் கட்டிய பணம் திரும்பிவிடும். இரு பக்கத்துக்கும் வழக்கமான விலை மைனஸ் 110, அதாவது 100 டாலர் லாபத்துக்கு 110 டாலர். ஆகவே பாதி பந்தயங்களை வெல்பவர் சமமாக நிற்பதில்லை. கட்டிய ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக நாலரை டாலர் இழக்கிறார். நட்டமில்லாமல் தப்பிக்கவே 52.38 சதவீத வெற்றி வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தில் எல்லாப் புள்ளிகளும் சம மதிப்பு உடையவை அல்ல. ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளிகள். டச் டவுனும் அதையடுத்த உதையும் சேர்ந்து 7. எனவே ஆட்டங்கள் 3 புள்ளி வித்தியாசத்தில் முடிவது மிக அதிகம், ஏறத்தாழ ஏழில் ஒன்று. கூடுதல் புள்ளிக்கான உதையை 2015-இல் பின்னுக்குத் தள்ளி லீக் கடினமாக்கிய பிறகும் 3-இன் முதலிடம் மாறவில்லை. இதனால் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையே உள்ள அந்த ஒரு புள்ளி, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே உள்ளதைவிடப் பல மடங்கு விலை பெறும். எண்ணை 3-இலிருந்து நகர்த்தத் தயங்கும் நிறுவனங்கள் 110-ஐ 120 ஆக்கிச் சமாளிப்பதும் இதனால்தான்.

எண்ணை நகர்த்துவதில் உள்ள ஆபத்தை 1979 ஜனவரியில் நடந்த 13-ஆவது சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம், காட்டியது. டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு முதலில் குறிக்கப்பட்ட வித்தியாசம் மூன்றரை. ஸ்டீலர்ஸ் மீது பணம் குவிய, அது நாலரை ஆனது. உடனே மறுபக்கம் கவ்பாய்ஸ் மீது பணம் வந்தது. ஸ்டீலர்ஸ் 35–31 என்று சரியாக 4 புள்ளிகளில் வென்றது. முன்னதாக ஸ்டீலர்ஸ் மீதும் பின்னதாக கவ்பாய்ஸ் மீதும் கட்டிய இரு தரப்பாருமே வென்றார்கள். லாஸ் வேகாஸ் பந்தய நிறுவனத்தார் அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்றே அழைக்கிறார்கள். இடையில் ஸ்டீலர்ஸின் பலம் ஒரு புள்ளி கூடிவிடவில்லை. மாறியது பணத்தின் போக்கு.

இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் புள்ளிகள் ஓர் எண்ணுக்கு மேலா கீழா என்பது ஓவர்-அண்டர். ஆட்டத்துக்குள் நடக்கும் தனி நிகழ்வுகளின் மீது கட்டுவது பிராப். 1986 சூப்பர் பவுலில் சிகாகோ பேர்ஸின் பேருடல் தற்காப்பு வீரர் வில்லியம் பெரி டச் டவுன் எடுப்பாரா என்ற பிராப் பெரும் கவனம் பெற்றது. அவர் எடுத்தார், நிறுவனங்கள் நட்டப்பட்டன. சூப்பர் பவுலின் டாஸ் மீதும் பந்தயம் உண்டு. பூவா தலையா என்பதில் கணிக்க எதுவும் இல்லை. ஆயினும் இரு பக்கத்துக்கும் மைனஸ் 105 போன்ற விலை வைக்கப்படுவது வழக்கம். கணிப்பை முழுதாக நீக்கிய பின்னும் விலையில் எஞ்சுவது என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பல பந்தயங்களை ஒன்றாகக் கோத்து, எல்லாம் பலித்தால் மட்டுமே பெரும்பணம் தருவது பார்லே. மரபான விகிதப்படி இரண்டு ஆட்டப் பார்லே 5-க்கு 13 தரும். மூன்று ஆட்டத்துக்கு 1-க்கு 6. நான்குக்கு 1-க்கு 10. ஒவ்வோர் ஆட்டமும் சரிபாதி வாய்ப்பு உடையது என்று வைத்துக் கணக்கிட்டால் நிறுவனத்தின் பங்கு முறையே 10, 12.5, 31 சதவீதம். ஒற்றைப் பந்தயத்தில் இது நாலரைதான். பரிசுத் தொகை கண்ணை நிறைப்பதால் கமிஷன் ஏறியது தெரிவதில்லை. டீசர் இதன் ஒரு வகை: புள்ளி வித்தியாசத்தை, பெரும்பாலும் 6 புள்ளி, கட்டுபவருக்குச் சாதகமாகத் தளர்த்திவிட்டுப் பரிசைக் குறைப்பார்கள்.

எண்களை விலையாகவே படிக்க வேண்டும் என்பதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, ஸ்ப்ரெட் இவ்வளவு துல்லியமாக இருக்கையில் அது ஆரூடம்தானே என்பது. தனி ஆட்டத்தில் அது படுதோல்வி அடையலாம். 1969-இல் 18 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று குறிக்கப்பட்ட பால்டிமோர் கோல்ட்ஸ் 16–7 என்று நியூயார்க் ஜெட்ஸிடம் தோற்றது. ஆனால் பல பருவங்களைச் சேர்த்துப் பார்த்தால் துல்லியம் உண்மையே. விலையில் நல்ல கணிப்பு அடங்கியிருப்பதையே அது காட்டுகிறது. அக்கணிப்பு கட்டுபவருக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை. இரண்டாவது, நிறுவனம் இரு பக்கப் பணத்தையும் சமன் செய்யும் நடுவர் மட்டுமே என்பது. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது: பலமான அணிகளின் பக்கம் சாயும் பொதுமக்களின் பழக்கத்தை அறிந்தே நிறுவனங்கள் விலையைச் சற்றே திருப்பி வைத்து லாபம் பார்க்கின்றன.

மூன்றாவது மறுப்பே வலுவானது: திறமையுள்ள சிலர் தொடர்ந்து வெல்கிறார்களே? உண்டு. 3, 7 ஆகிய இரண்டு எண்களையும் தாண்டும்படி டீசரைத் தேர்ந்தால் லாபம் வரும் என்று ஸ்டான்ஃபோர்டு வாங் என்ற புனைபெயரில் எழுதுபவர் 2001-இல் காட்டினார். பின்னர் நிறுவனங்கள் டீசரின் விலையை மைனஸ் 110-இலிருந்து 120-க்கும் 130-க்கும் ஏற்றின. தொடர்ந்து வெல்பவர் கட்டக்கூடிய தொகைக்கு வரம்பு விதிப்பதும் வழக்கம். திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் கோடு கிழிப்பதும் எளிதல்ல: கண்ணை மூடிக்கொண்டு 100 ஸ்ப்ரெட் பந்தயம் கட்டுபவருக்கும் 55 அல்லது அதற்கு மேல் பலிக்க ஏறத்தாழ 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆகவே எந்தப் பந்தய வகையையும் எடைபோட உதவும் முதல் கேள்வி, யார் வெல்வார் என்பதல்ல. எல்லாப் பக்கங்களின் வாய்ப்பையும் கூட்டினால் 100-க்கு மேல் எவ்வளவு வருகிறது என்பதே.