பெங்களூரு: கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்த குழாயும் கம்பியும்

1/
"நம்ம ஊரையும் பெங்களூரு மாதிரி அறிவு நகரமா மாத்தப் போறோம்" என்று சொல்லாத அரசியல்வாதி இல்லை. கூடவே கண்ணாடிக் கட்டடம், ஐடி பார்க் படம் ஒன்றும் வரும். ஆனா பெங்களூரு இப்படி ஆன கதை கண்ணாடிக் கட்டடத்துல தொடங்கல. ஒரு பஞ்சத்திலும் ஒரு கொள்ளைநோயிலும் தொடங்குது. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
முதல்ல தண்ணீர். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டு ஊர். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. தர்மாம்புதி, சம்பங்கி மாதிரி ஏரிகளும் கிணறுகளும்தான் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தன. 1876-78 பஞ்சத்தில் அந்த ஏரிகள் வறண்டன. நம்ம பாட்டிமார் "தாது வருசப் பஞ்சம்" என்று சொல்வார்களே, அதே பஞ்சம்தான். மைசூர் சமஸ்தானத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள்.

3/
1883-இல் மைசூர் திவானாக வந்தவர் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1901 வரை 18 வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். அவர் காலத்தில்தான் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் 1894-இல் தொடங்கியது. 1896-இல் சுத்திகரித்த தண்ணீர் குழாய் வழியாக ஊருக்குள் வந்தது. சரி, தண்ணீர் வந்தாச்சு. அடுத்த அடி இரண்டே வருஷத்தில் விழுந்தது.

4/
1896-இல் பம்பாயில் பிளேக். 1898 ஆகஸ்டில் அது ரயில் பாதை வழியாக பெங்களூரு வந்து சேர்ந்தது. பேட்டை என்ற பழைய ஊரில் வீடும் கடையும் தானியக் கிடங்கும் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. எலிக்கு அதைவிட வசதியான இடம் வேண்டுமா? ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் பார்த்திருப்பீங்க. பெங்களூரிலும் அந்த அம்மனுக்குக் கோயில் உண்டு. மக்கள் அவ்வளவு பயந்து போயிருந்தார்கள்.

5/
இங்க ஒரு மருத்துவ விஷயம். பிளேக் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்துவிட்டார். ஆனா அது மனிதனுக்கு எப்படிப் பரவுது? எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி வழியாக என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898 ஜூனில் கராச்சியில் பரிசோதனை செய்து காட்டினார். பெங்களூருக்கு பிளேக் வருவதற்கு இரண்டே மாதம் முன்னால்! ஆனா பல வருஷம் அதை யாரும் பெரிதாக ஏற்கவில்லை.

6/
அதனால் அன்றைய அதிகாரிகள் குறிவைத்தது நெரிசல், அழுக்கு, காற்றோட்டமின்மை ஆகியவற்றை. வீடுகளை இடித்தார்கள், நோயாளிகளைப் பிரித்து வைத்தார்கள், அகலமான தெருக்களைப் போட்டார்கள். காரணம் பாதிதான் சரி. ஆனா தீர்வு வேலை செய்யும் தீர்வு. வீட்டுக்கு வீடு இடைவெளி, வெளிச்சம், ஒழுங்கான சாக்கடை இதெல்லாம் இருந்தால் எலிக்கு ஒளிய இடம் குறையும். எலி குறைந்தால் தெள்ளும் குறையும்.

7/
மல்லேஸ்வரம், பசவனகுடி ரெண்டும் இப்படி வளர்ந்த பகுதிகள்தான். 1892-லேயே திட்டம் இருந்தது, 1898 பிளேக் அதை முடுக்கிவிட்டது. நேர்க்கோட்டுத் தெருக்கள், மரங்கள், வடிகால். கன்டோன்மென்ட் பக்கம் பிரேசர் டவுன் வந்தது. அதைத் திட்டமிட்ட ஸ்டீபன்ஸ், பிளேக் நுழையாத ஊரை எப்படிக் கட்டுவது என்று 1914-இல் ஒரு புத்தகமே போட்டார். எலி புகாத வீடு எப்படி இருக்கணும் என்பது அன்றைக்குப் பொறியியல் பாடம்.

8/
இதை அப்படியே பொற்காலமாக நினைச்சுடாதீங்க. புதிய பகுதிகளில் மனைகள் சாதி, சமூகம் பார்த்துப் பிரிக்கப்பட்டன. வீடுகளுக்குப் பின்னால் குறுகலான சந்து ஒன்று விட்டார்கள். "கன்சர்வன்சி லேன்" என்று பெயர். எதுக்கு? எடுப்புக் கக்கூஸ் மலத்தை அள்ளிச் செல்பவர் வாசல் பக்கம் கண்ணில் படாமல் வந்து போவதற்கு. நகரத்தைச் சுத்தமாக வைத்தவர்களுக்கு அந்த நகரத்தில் கிடைத்த இடம் அந்தச் சந்துதான்.

9/
1897-இல் அடிக்கல் நாட்டிய விக்டோரியா மருத்துவமனையை 1900 டிசம்பரில் கர்சன் பிரபு திறந்து வைத்தார். இன்றைக்கும் அது அரசு மருத்துவமனையாக இயங்குகிறது. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் மறுபடி வரும்.

10/
அடுத்தது மின்சாரம். 1902-இல் காவிரியின் சிவனசமுத்திர அருவியில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரத்தை எங்கே கொண்டுபோனார்கள்? கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. முதலில் தங்கம், அப்புறம்தான் மக்கள். அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் நிறைய பேர் வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து போன ஏழைத் தமிழர்கள். 1905-இல் பெங்களூரு தெருக்களில் மின்விளக்கு எரிந்தது.

11/
இப்போ டாடா கதைக்கு வருவோம். ஜாம்ஷெட்ஜி டாடா இந்தியாவுக்கு ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வேண்டும் என்று திட்டம் போட்டார். 1898 டிசம்பர் கடைசியில் அது கர்சன் பிரபுவிடம் போனது. எந்த ஊரில் வைப்பது? ஆய்வு செய்ய வந்த வேதியியல் அறிஞர் வில்லியம் ராம்சே பெங்களூரைப் பரிந்துரைத்தார். மைசூர் அரசு சுமார் 371 ஏக்கர் நிலமும் பணமும் கொடுத்தது. 1909-இல் இந்திய அறிவியல் கழகம் உருவானது, 1911-இல் வகுப்புகள் தொடங்கின. தொடக்கத் துறைகளில் ஒன்று மின் தொழில்நுட்பம். மின்சாரம் இல்லாத ஊரில் அந்தத் துறையை வைத்து என்ன செய்வது?

12/
வரிசையைப் பாருங்க. குழாய்த் தண்ணீர் 1896. புதிய குடியிருப்புகள் 1898 முதல். மருத்துவமனை 1900. தெருவிளக்கு 1905. ஆராய்ச்சிக் கழகம் 1909. அறிவு கடைசியில் வருது. சேஷாத்ரி ஐயர் 1901-லும் டாடா 1904-லும் இறந்துபோனார்கள். கழகத்தின் வகுப்பறையை ரெண்டு பேருமே பார்க்கவில்லை.

13/
அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1940-இல் ஹெச்.ஏ.எல்., 1948-இல் ஐ.டி.ஐ., 1954-இல் பி.இ.எல். இவற்றால் பொறியாளர் கூட்டம் ஒன்று ஊரில் சேர்ந்தது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. அன்றைய டெலிபோன் லைனை நம்ப முடியாமல் செயற்கைக்கோள் ஆன்டெனா வைத்து அமெரிக்காவுக்கு டேட்டா அனுப்பியது.

14/
ஆனா குழாய் வந்ததும் ஏரியை மறந்தார்கள். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்றைக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட். சம்பங்கி ஏரியில் கன்டீரவா ஸ்டேடியம். ஹெசரகட்டாவும் கைவிட்டது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். அதுவும் பத்தாமல், 1974-இலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியை மேடேற்றி பம்ப் செய்கிறார்கள்.

15/
2007-இல் சுற்றியுள்ள 110 கிராமங்களை மாநகராட்சியில் சேர்த்தார்கள். ஐடி கம்பெனிகள் வளர்ந்த பகுதிகள் பல இதில் அடக்கம். இவர்களுக்கான காவிரித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில். இடையில் 17 வருஷம்! அதுவரை பெரும்பாலும் போர்வெல், டேங்கர் லாரி. அந்த ஆண்டு மார்ச்சில் போர்வெல்கள் வறண்டதும் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவரும் பக்கெட்டோடு நின்றார். அவர் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் குடிசைக்கு டேங்கர்கூட வராது.

16/
2024 ஏப்ரலில் பெங்களூரு மருத்துவக் கல்லூரி விடுதி மாணவிகள் 40-க்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு சேர்க்கப்பட்டார்கள். காலராவாக இருக்குமோ என்று சந்தேகம். எங்கே சேர்த்தார்கள்? அதே விக்டோரியா மருத்துவமனையில். நாளைக்கு டாக்டர் ஆகப்போகும் பிள்ளைகள்! சமூக மருத்துவப் பாடத்தில் நாங்கள் முதலில் படிப்பது பாதுகாப்பான குடிநீர் பற்றித்தான். பாடம் தெரிஞ்சா மட்டும் வயிற்றுப்போக்கு வராமல் இருக்காது.

17/
அதனால் அடுத்த முறை உங்க ஊருக்கு "அறிவு நகரம்" அறிவித்தால் கட்டடப் படத்தை ஓரமா வச்சுட்டு நாலு கேள்வி கேளுங்க. எத்தனை வார்டுக்குக் குழாயில் குடிதண்ணீர் வருது? சாக்கடை எங்கே போய்ச் சேருது? அதில் இன்னும் மனிதர் இறங்குகிறாரா? மழைத் தண்ணீருக்கு எந்த ஏரி மிச்சம் இருக்கு?

18/
பெங்களூரு கப்பன் பூங்காவில் சிவப்பு நிறக் கட்டடம் ஒன்று இருக்கு. சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். குழாய் கொண்டுவந்த திவானின் பேரில் இருக்கும் அந்தக் கட்டடத்தில் இப்போ இயங்குவது மாநில மத்திய நூலகம். அந்தப் பக்கம் போனால் உள்ளே போய்ப் பாருங்க.